ஈசல் பிள்ளைக்கு ஏற்ற புத்தகம்

ஒரு காட்டில் ஒரு நூலகம் இருந்தது. அதில் புத்தகங்களும் இருந்தன என்பதுதான் விசேஷம். பழைய இலுப்பை மரத்துப் பொந்தில், சாரல் படாத உயரத்தில், குட்டிகளுக்கான படப் புத்தகங்களை ஒரு பக்கமும், கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகளுக்கான சிறுவர் நாவல்களை மறு பக்கமும் அடுக்கியிருந்தார்கள். அடுக்கிய அடுக்கு கலையாமல் அப்படியே இருந்தது. கலைக்க யாரையும் விட்டால்தானே?

நூலகத்தைப் பார்த்துக்கொண்டவள் செவந்தி என்கிற காட்டுக்கோழி. பிள்ளைகளெல்லாம் சிறகு முளைத்து ஆளுக்கொரு புதரில் குடித்தனம் போன பிறகு, வீட்டில் சும்மா மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பானேன் என்று இந்த வேலைக்கு வந்தவள். சாமி பக்தி உண்டு. சொந்தக்காரர் ஒருவர் முருகனுடைய கொடியிலேயே இருக்கிறார். ஆனாலும் புரட்டாசி பிறந்துவிட்டால் பெருமாளுக்கு விரதம் இருப்பாள். மாதம் முழுக்கப் புழு கிடையாது, பூச்சி கிடையாது. உதிர்ந்த தானியம், கீரைக் கொழுந்து, வாய்க்கு ஒரு கோவிந்தா. அவ்வளவுதான்.

முன்பெல்லாம் எந்தப் பிள்ளையும் எந்தப் புத்தகத்தையும் எடுத்துப் போகலாம். அப்படி எடுத்துப் போன முயல் பிள்ளை ஒன்று ஒரு நாவலை முழுக்கப் படித்துவிட்டுத் தன் அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டது. காடே ஆடிப்போயிற்று. அன்றைக்கே 'பாலர் நூல் பரிந்துரைக் குழு' என்று ஒன்றை அமைத்துவிட்டார்கள்.

குழு முதல் வேலையாகப் புத்தகங்களின் முதுகில் வயதை ஒட்டியது. பச்சை ஒட்டு படப் புத்தகம், மூன்று முதல் ஆறு வயது வரை. மஞ்சள் ஒட்டு சிறுவர் நாவல், எட்டு முதல் பன்னிரண்டு வரை. ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும் என்று யாரோ கேட்டதற்கு, ஒரு வருஷம் பொறுத்திருக்கும் என்று பதில் வந்தது. அடுத்த வேலையாக வாசலில் ஒரு டோக்கன் மிஷின் வைத்தார்கள். வயதைத் தட்டினால் டோக்கன் வரும். டோக்கன் வந்தாலும், அந்தப் பிள்ளைக்கென்று குழு பரிந்துரைத்த புத்தகத்தை மட்டும்தான் செவந்தி எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இதனால் பாதிக்கப்பட்டவர்களில் முக்கியமானவன், வாசற்படி ஓரத்திலேயே கிடந்த ஆமைப் பிள்ளை கச்சபேசன். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. ஆமைக் கணக்கில் அது விரல் சப்புகிற வயது. படம் பார்க்க அவ்வளவு ஆசை. ஆனால் வயதைத் தட்டினால் மிஷின் 'வீட்டுக் கடன் வேண்டுமா?' என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் மறுபடி ஓட்டுக்குள் போய்விடுவான்.

இப்படி இருக்கையில், புரட்டாசி கடைசி நாள் விடியற்காலையில் நல்ல மழை பெய்து ஓய்ந்தது. இலுப்பை மரத்தடிப் புற்றிலிருந்து ஈசல்கள் புகை மாதிரி கிளம்பின. செவந்தி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள். கோழியாகப் பிறந்தவளுக்கு ஈசல் என்றால் உயிர். கோவிந்தா கோவிந்தா என்று சொல்லச் சொல்ல நாக்கில் நீர் ஊறியது. கண்ணைத் திறந்தபோது, மற்ற ஈசல்கள் வெளிச்சத்தைப் பார்த்துப் பறந்து போயிருந்தன. ஒன்று மட்டும் அவள் மூக்குக்கு நேரே படியில் உட்கார்ந்திருந்தது. கண்ணாடித் தாள் மாதிரி இறக்கை, ஈரம்கூடக் காயவில்லை.

"அத்தை, என்னைச் சாப்பிட மாட்டீங்களே?"

"இன்னிக்கு மாட்டேன் கண்ணு. இது புரட்டாசி."

"நாளைக்கு?"

"நாளைக்கு நீ எங்க இருக்கப் போற?" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு செவந்தி நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஈசல் பிள்ளை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அதான் சீக்கிரமா வந்துட்டேன். எனக்கு ஒரு கதைப் புத்தகம் வேணும். முடிவு இருக்கற கதையா குடுங்க. பொழுது சாயறதுக்குள்ள படிச்சிட்டுப் போய் அம்மாகிட்ட சொல்லணும்."

அவள் பெயர் நித்தியகல்யாணி. ஒரே நாள் இருக்கப் போகிற பிள்ளைக்கு இப்படி ஒரு பெயரைத் தாயைத் தவிர யார் வைப்பார்கள்? வீட்டில் நித்தி. தாய்க் கரையான் புற்றை விட்டு வெளியே வந்ததே இல்லை. வெள்ளிக்கிழமை தோறும் ஊர்க்காரர்கள் வந்து புற்றுக்கு மஞ்சள் குங்குமம் வைத்துப் பாலை ஊற்றிவிட்டுப் போவார்கள். "அம்மாவுக்கு வெளிய நல்ல பேரு அத்தை. உள்ள ஒரே ஈரம்" என்றாள் நித்தி.

"அம்மாதான் அனுப்பினாங்களா?"

"ஆமா. நம்ம குடும்பம் காலங்காலமா புத்தகத்தை அரிச்சிருக்கு, ஒருத்தர்கூடப் படிச்சதில்ல, நீயாவது படிச்சுட்டு வந்து அதுல என்னதான் இருக்குன்னு சொல்லுடின்னாங்க."

செவந்திக்கு மனசு இளகிவிட்டது. பச்சை ஒட்டுப் புத்தகம் ஒன்று அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தது. அட்டையில் மழையில் நனைகிற ஒரு நண்டு, குடைக் கடை வாசலில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அதை இறக்கை மறைவில் கொடுத்து அனுப்பிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். பிறகு, முறையாகக் கேட்டால் தர மாட்டேன் என்றா சொல்லப் போகிறார்கள் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நல்ல மனசுக்காரர்களுக்கு வருகிற கேடு இப்படித்தான் வரும்.

நித்தி மிஷினில் வயதைத் தட்டினாள். மிஷினுக்கு வருஷம் மட்டும்தான் தெரியும். பூஜ்யத்தைப் பார்த்துவிட்டு, 'தாங்கள் இன்னும் பிறக்கவில்லை. பிறந்த பின் முயலவும்' என்றது.

"பொறந்துட்டேனே" என்று நித்தி மிஷினுக்குப் பதில் சொன்னாள்.

சரி என்று செவந்தி அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு குழுவிடமே போனாள். குழு அந்த மரத்து நிழலில்தான் தினமும் கூடும். டீயும் பஜ்ஜியும் அங்கேதான் வரும். தலைவர் மாசிலாமணி ஒரு காட்டெருமை. எதைக் கேட்டாலும் அசை போட்டுத்தான் சொல்வார். பக்கத்தில் பவளம் என்கிற கிளி. அந்தப் பக்கம், யாரும் நெருங்கி உட்காராத இடத்தில், முள்ளம்பன்றி தணிகாசலம்.

"ஐயா, இந்தப் புள்ளைக்கு ஒரு படப் புத்தகம் குடுக்கலாமா? நண்டு குடை வாங்கற புத்தகம்" என்று கேட்டாள் செவந்தி.

"வயசு?"

"காலையில பொறந்தவ."

"படப் புத்தகத்துக்கு மூணு வயசு ஆகணுமே. மூணு வருஷம் கழிச்சு வரச் சொல்லு."

"ஐயா, இவளுக்கு இன்னிக்கு ஒரு நாள்தான்."

மாசிலாமணி அசை போட்டார். "அப்ப நாளைக்கு வரச் சொல்லு."

பவளம் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு, "கண்ணைக் கவரும் ஓவியங்கள். நெஞ்சை அள்ளும் நடை. ஒவ்வொரு இல்லத்திலும் இருக்க வேண்டிய நூல்" என்றது. புத்தகத்தின் பின் அட்டையில் அதே வரிகள்தான் அச்சாகியிருந்தன.

"நீங்க படிச்சீங்களா அக்கா?"

"படிச்சா ஒரு பக்கமா சாஞ்சிருவோம் செவந்தி. பரிந்துரை பண்றவங்க நடுநிலையா இருக்கணும்."

தணிகாசலம் முள்ளைச் சிலிர்த்தார். "நான் அட்டையைப் பார்த்தேன். நண்டு நேரா நடக்கலை. பக்கவாட்டுல நடக்குது. பிள்ளைங்க மனசுல அது என்ன பண்ணும்? குடைக்கு வேற கூர் இருக்கு. கண்ணைக் குத்தும்."

"உங்களைவிடவா சார்?" என்றாள் முதுகிலிருந்த நித்தி.

மாசிலாமணி அவசரமாக வேறு பக்கம் பார்த்து அசை போட்டார். பிறகு தணிகாசலம், "இவ கரையான் வீட்டுப் புள்ளைதானே? அரிக்கத்தான் வந்திருப்பா" என்றார்.

"அரிக்க வந்திருந்தா நமக்குச் சம்பந்தமில்லை" என்றார் மாசிலாமணி. "சேதாரம் வேற இலாகா. அதுக்கு ரொம்ப காலமா ஆளே போடலை. படிக்க வந்தாத்தான் நம்ம பொறுப்பு. பொறுப்புன்னு வந்துட்டா அவசரப்பட முடியுமா?"

பொறுப்பு என்றதும் குழு சுறுசுறுப்பாயிற்று. ஈசலுடைய ஒரு மணி நேரம் மனிதருக்கு எத்தனை வருஷம், எருமைக்கு எத்தனை, கிளிக்கு எத்தனை என்று கணக்குப் போடத் தொடங்கினார்கள். மூன்று பேருக்கும் மூன்று விடை வந்தது. டீ வந்தது. பஜ்ஜி வாழைக்காயா வெங்காயமா என்பதில் மட்டும் ஒரே கருத்து இருந்தது.

நித்தி அதுவரை செவந்தியின் முதுகில் உட்கார்ந்து கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "நண்டு ஏன் அத்தை நனையுது? அதுக்கு வீடு இல்லையா? கடைக்காரர் குடை குடுத்தாரா? காசு இருந்துச்சா?" செவந்தி ஒவ்வொன்றுக்கும், "புத்தகம் வரட்டும் கண்ணு, அதுலயே இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பத்து மணி வெயில் ஏறியபோது கேள்விகள் குறைந்தன. உச்சி வேளைக்கு நின்றேவிட்டன. திரும்பிப் பார்த்தால், நித்தி முதுகிலிருந்து இறங்கித் தள்ளிப் போய், ஒரு மழைத் துளியில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்போது பார்த்து மாசிலாமணி தொண்டையைச் செருமினார். "குழு நல்லா யோசிச்சு முடிவு பண்ணிருச்சு. அந்தப் புள்ளைக்கு நண்டுப் புத்தகத்தைக் குடுக்கலாம்."

செவந்தி ஓடிப் போய்ப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். "இந்தா பாப்பா, கிடைச்சிருச்சு."

நித்தி அட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "ஆன்ட்டி, இது குழந்தைங்க புக். படம் போட்டிருக்கு."

"நீதானே காலையில கேட்ட?"

"அது காலையில." அவள் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டாள். "வேற ஏதாவது இருக்கா? நாலு பிள்ளைங்க வீட்டுக்குத் தெரியாம கிளம்பிப் போற மாதிரி. குகை, ஆறு, அப்படி."

அப்படி ஒன்று இருந்தது. மஞ்சள் ஒட்டு நாவல், நாலு பிள்ளைகள் ஆற்றோடு போய் அணைக்கட்டுக்குள் மாட்டிக்கொள்கிற கதை. எடுத்த எடுப்பில் கொடுத்திருக்கலாம். ஆனால் நண்டுக்குக் கிடைத்த பரிந்துரை அணைக்கட்டுக்குச் செல்லாது. செவந்தி மறுபடி நிழலுக்கு ஓடினாள்.

"பிள்ளைங்க வீட்டுக்குத் தெரியாம போறாங்களா?" என்று தணிகாசலம் கேட்டார். "அப்படின்னா அதை மாத்தி, வீட்ல சொல்லிட்டுப் போற மாதிரி எழுதித் தரச் சொல்லலாமா?"

"சொல்லிட்டுப் போனா போக விட மாட்டாங்களே சார். அப்புறம் கதை எங்கேருந்து வரும்?"

"கதை எதுக்கும்மா? நாம பார்க்க வேண்டியது புத்தகத்தை."

பவளம், "இறுதிப் பக்கம் வரை இருக்கையின் நுனியில்" என்றது.

மாசிலாமணி அசை போட்டார். சூரியன் இலுப்பை மரத்தின் மேற்குக் கிளைக்கு வந்துவிட்டது. அணைக்கட்டு நாவலைப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு, கரையில் நின்றபடி படிக்கலாம் என்று கடைசியில் பரிந்துரை ஆயிற்று. செவந்தி புத்தகத்தை அலகில் கவ்விக்கொண்டு தேடி வந்தபோது நித்தி படியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இறக்கைகளில் ஒன்று உதிர்ந்து பக்கத்தில் கிடந்தது. முகத்தில் ஒரு களை, ஒரு அலுப்பு.

"வாங்கிட்டேன்" என்றாள் செவந்தி.

"வச்சிட்டுப் போ செவந்தி. எனக்கு இப்ப எங்க நேரம்? இடுப்பு வேற விட்டுப் போகுது. நாவலெல்லாம் சின்ன வயசுல படிக்கறது."

'செவந்தி' என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் செவந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் பார்த்தால் நித்தி அவளைவிட மூத்தவளாகத்தான் தெரிந்தாள். "சரிங்கம்மா" என்று அவளுக்கே தெரியாமல் வாயில் வந்துவிட்டது.

இதை நிழலில் இருந்த குழு கவனித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நூலகத்தை விட்டு நகராத ஒரே ஜீவன் இந்த அம்மாள்தான். குழந்தைப் பருவம், பிள்ளைப் பருவம், வாலிபம் எல்லாவற்றையும் நூலக வாசலிலேயே கழித்தவர். இவ்வளவு அனுபவம் வேறு யாருக்கு இருக்கிறது? மாசிலாமணி எழுந்து வந்து, அவரைக் குழுவின் மூத்த உறுப்பினராக அறிவித்தார். பவளம் ஒரு சங்குப் பூவைக் கொண்டுவந்து தலையில் வைத்தது. தணிகாசலமே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தார்.

நித்தியகல்யாணி அம்மாள் பேசினார்.

"எங்க காலத்துல, காலையில, நாங்க எப்படி இருந்தோம் தெரியுமா? புத்தகம்னா உயிரை விடுவோம். கேள்வியா கேட்டுத் துளைப்போம். இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு எதுலயும் ஆர்வம் இல்லை. எல்லாம் கேட்ட உடனே கையில வந்துடணும். நான் காத்துக்கிட்டு இருக்கலையா? காத்திருந்ததாலதான் இன்னிக்கு இந்த இடத்துல உட்கார்ந்திருக்கேன். அதனால, இனிமே எந்த ஈசல் பிள்ளை வந்தாலும் மறுநாள் வரச் சொல்லணும். இதை நான் குழுவுக்குப் பரிந்துரை செய்யறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. தீர்மானம் எழுதி மிஷின் மேல் ஒட்டப்பட்டது. குழு களைப்போடு கலைந்தது.

வெயில் மஞ்சளாகிக் கீழே இறங்கியது. மீதி இறக்கையும் உதிர்ந்துவிட்ட நித்தியகல்யாணி, படியில் செவந்திக்குப் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். நண்டுப் புத்தகம் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது. அவள் அந்த அட்டையையே ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஏண்டிம்மா செவந்தி."

"சொல்லுங்கம்மா."

"அந்த நண்டுக்குக் குடை கிடைச்சுதா?"

செவந்தியும் அட்டையைப் பார்த்தாள். அத்தனை வருஷமும் அந்தப் புத்தகத்தைத் தூசி தட்டினாளே தவிர, ஒரு நாள் கூடத் திறந்து பார்த்ததில்லை. அவள் வயதுக்கு அங்கே ஒட்டு இல்லை. "இருங்க, இருங்க, இதோ பார்த்துச் சொல்றேன்" என்று அலகால் அவசர அவசரமாகத் தாள்களைத் தள்ளினாள். ரொம்ப நாளாக யாரும் திறக்காத புத்தகம், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்துக் கடைசிப் பக்கத்துக்கு வந்து, "கிடைச்சுதும்மா" என்று நிமிர்ந்தாள்.

கேட்க ஆள் இல்லை. படியில் ஒரு சங்குப் பூ கிடந்தது.

மறுநாள் ஐப்பசி பிறந்தது. விடியும்போதே மறுபடி மழை, மறுபடி புற்றிலிருந்து புகை. இந்தத் தடவை எல்லாருமே நேராக நூலகத்துக்கு வந்துவிட்டார்கள். தாய்க் கரையான் சொல்லி அனுப்பியிருந்தாள். படியிலிருந்து புதர் வரை ஈசல் வரிசை. வாசலுக்கு மேலே நித்தியகல்யாணி அம்மாளின் படம், மாலையோடு. மிஷின் மேல் அவருடைய தீர்மானம்: ஈசல் பிள்ளைகள் மறுநாள் வரவும்.

செவந்தி அந்த வரிசையைப் பார்த்தாள். விரதம் முடிந்துவிட்டது. வயிறு சத்தம் போட்டது. 'இன்னும் ஒரு நாள், கோவிந்தா' என்று வயிற்றுக்குச் சொல்லிவிட்டு, முதல் பிள்ளையிடம் குனிந்தாள்.

"எதுக்கு வந்தீங்க கண்ணுகளா?"

"படிக்க வந்தோம் அத்தை."

"அப்படிச் சொல்லக் கூடாது. அரிக்க வந்தோம்னு சொல்லுங்க."

"பொய்யா அத்தை?"

"கொஞ்சம் ஓரத்துல நிஜமாவே அரிச்சுக்கோங்க. பொய்யாகாது."

நிழலில் பஜ்ஜிக்குக் காத்திருந்த மாசிலாமணி தலையைத் தூக்கினார். "என்னம்மா அங்க கூட்டம்? படிக்கறாங்களா?"

"இல்லைங்கய்யா. சேதாரம்."

"அப்ப சரி" என்று அவர் தலையைக் கீழே போட்டுக்கொண்டார்.

பொந்துக்குள் திமுதிமுவென்று பிள்ளைகள் ஏறின. பச்சை ஒட்டு, மஞ்சள் ஒட்டு எதையும் பார்க்கவில்லை. நண்டுப் புத்தகத்தின் மேல் ஒரு கூட்டம், அணைக்கட்டுக்குள் ஒரு கூட்டம். அத்தனை காலம் கலையாத அடுக்கு அரை மணியில் கலைந்தது. குடும்பப் பழக்கம் விடாமல் இரண்டொரு பக்கத்தின் ஓரம் நிஜமாகவே போயிற்று. செவந்தி பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் படியில் ஏதோ உரசுகிற சத்தம். பார்த்தால் கச்சபேசன்.

"அத்தை" என்றான் நாற்பத்து மூன்று வயதுக் குழந்தை, ஓட்டுக்குள்ளிருந்து மெதுவாகத் தலையை நீட்டி. "நானும் கரையான்தான்."

"அதான் பார்த்தாலே தெரியுதே. உள்ள வாடா தங்கம்."

அன்று பொழுது சாய்வதற்குள் கதை புற்றுக்குப் போய்ச் சேர்ந்தது. ஈரத்தில் உட்கார்ந்திருந்த தாயைச் சுற்றிப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"இருங்கடி, ஒவ்வொருத்தரா. நண்டுக்குக் குடை கிடைச்சுதா?"

"கிடைச்சுதும்மா. ஆனா கடைக்காரர் யோசிச்சு யோசிச்சுக் குடுக்கறதுக்குள்ள மழை விட்டுருச்சு. அது என்ன பண்ணிச்சு தெரியுமா, குடையைக் கவுத்துப் போட்டுப் படகாக்கிடுச்சு."

தாய் சிரித்தாள். அவள் சிரித்து அந்தப் புற்று பார்த்ததில்லை. "நேத்திக்கு உங்க அக்காவும் இதைத்தான் கேட்டிருப்பா. பாவம், வந்து சொல்லலை. அவளைப் பத்தி யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்கம்மா. அக்கா படத்தை வாசல்ல மாட்டியிருக்காங்க. பரிந்துரைக் குழுவுல பெரிய ஆளா இருந்தாங்களாம்."

தாய்க் கரையான் பக்கத்திலிருந்த பிள்ளையின் இறக்கையைத் தடவிக் கொடுத்தாள்.

"அப்ப படிச்சிருக்க மாட்டா" என்றாள்.

நீதி: புத்தகத்தைப் படிக்கத்தான் வயது வரம்பு உண்டு. பாழாக்க எந்த வயதிலும் வரலாம்.